நாலு கிலோ

மேசைமேல் மூன்று சக்கரங்கள்.

முதலாவது எங்கள் கடெட்டிலிருந்து கழற்றியது.
கிளட்ச் உரசிய முகத்தில் நீலம் பாய்ந்து
மயிரிழை விரிசல்கள்.
விரலுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும்.
இன்னும் ஓட்டினால்
ஆறாயிரம் சுற்றில் ஒரு நாள் உடைந்து
என் கணுக்காலைத் தேடி வரும்.

இரண்டாவது தைஸ்தோவின் காயலான் கடையில் கிடைத்தது,
பள்ளத்தில் குப்புற விழுந்து
பனி உருகும்வரை யாரும் தேடாத ஒரு காரின் வயிற்றிலிருந்து.
எட்டு கிலோ இருநூறு.
குளியலறைத் தராசில் முதலில் நான் மட்டும் ஏறினேன்,
பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
முதல் எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.
பல்வளையத்தில் இரண்டு பல் மழுங்கல்.
ஸ்டார்ட்டர் அந்த இடத்தில் முனகும், அவ்வளவுதான்.
விலை ஒரு பெட்டி பீர்.

மூன்றாவது தபாலில் வந்தது.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும்
என் முகத்தை எனக்கே காட்டியது.
வேண்டாத சதையையெல்லாம் கடைந்தெடுத்து
நாலே கிலோ.
விலை, காரின் விலையில் பாதி.

எங்கள் ஃபின்னிஷ் மொழியில் இதற்கு வேகச் சக்கரம் என்று பெயர்.
பாதிப் பொய்.
வேகத்தை இது உண்டாக்குவதில்லை.
வாங்கி வைத்துக்கொண்டு
ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
பிஸ்டன்கள் தவிக்கும்போது திருப்பிக் கொடுக்கிறது.
கனமானது நிறைய வைத்துக்கொள்ளும், நிதானமாகக் கொடுக்கும்.
லேசானது கையில் காசு தங்காத ஆள்:
மிதித்தால் எல்லாம் உனக்கு,
காலை எடுத்தால் ஒன்றுமில்லை.

ஹெல்வி ஸ்பேனரைத் துடைத்தபடி சொன்னாள்:
"கௌஹயோகி மைதானம் மழைக்குப் பிறகு களிமண்.
களிமண்ணில் கனம்தான் இழுக்கும்.
அதோடு விதியை மறந்துவிட்டாயா?"

மறக்கவில்லை.
எங்கள் பந்தயத்தில் ஓட்டம் முடிந்ததும்
யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம்,
எந்தக் காரையும், ஒரே விலைக்கு.
குலுக்கலில் பெயர் வந்தவனுக்குச் சாவியைக் கொடுத்தே ஆகவேண்டும்.
காருக்குள் என்ன வைத்தாலும்
அடுத்தவன் பிள்ளைக்குத் தைத்த சட்டைதான்.

ஹெல்வி சொன்னது எல்லாம் சரி.
ஆனால் பதினாறு வருடம்
ரெய்யோவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு
அது அவனுக்குள் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்வரை
பாத்திரம் கழுவிக்கொண்டு காத்திருந்தவள் நான்.
ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை
என் கால் நினைத்த கணத்தில் ஏதாவது நடக்கட்டும்.

இருட்டாத ஜூன் இரவில்
ஆறு போல்ட்டும் புதிது,
குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்கினேன்.
ஹெல்வி பேசாமல் விளக்கைப் பிடித்தாள்.

மழை வரவில்லை.
மூன்றாவது வளைவில் நான் மிதித்தபோது
கடெட் "என்ன?" என்று கேட்கவில்லை.
இரண்டாம் இடம்.

பதினோரு சீட்டு விழுந்திருந்தது.
குலுக்கி எடுத்த பெண் வாசித்தாள்:
ரெய்யோ.

அவன் என் இருக்கையில் உட்கார்ந்தான்,
வழக்கம்போல் மெல்லக் கிளட்சை விட்டான்.
நின்றது.
மறுபடி. நின்றது.
டிரெய்லர் பலகைக்கு மூன்று மீட்டர்
ஐந்து தடவை நின்று நின்று போனது.
காரை விட்டு இறங்கி, பானெட்டைத் திறந்து,
கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

கொஞ்சம் மிதித்துக்கொண்டே விடு,
என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் எப்போது போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும்.

விரிசல் விட்டதை ஹெல்வி எடுத்துப் போனாள்,
உப்புக் காளான் வாளிக்கு மேல் பாரமாக வைக்க.
காசு பையில் இருக்கிறது.
தைஸ்தோவின் எட்டு கிலோ இருநூறு மேசைமேல் இருக்கிறது,
ஆறு ஓட்டை, இரண்டு மழுங்கல் பல்.
இதற்குப் பொருந்துகிற மாதிரி
ஒரு கார் பார்க்க வேண்டும்.